மேளத்துக்குச் சொல்லவில்லை

உக்காருங்கண்ணே, ஆளு இல்ல. துண்டு நான்தான் போட்டு வச்சேன். தனியா உக்காந்தா எவனாவது குடிச்சுட்டு வந்து தோள்ல சாஞ்சுக்கிறான். உங்களப் பாத்தா அப்படித் தெரியல. ஜன்னலோரம் வேணும்னா இங்குட்டு வாங்க, இல்லைன்னா நானே இருக்கேன், எனக்கு வெயில் ஒண்ணும் செய்யாது.

அருப்புக்கோட்டையா? நானும் அங்கதான். வேலை விஷயமாத்தான். என்ன வேலைன்னா... போன் பண்ணப் போறேன். சிரிக்காதீங்கண்ணே, நெசமாத்தான் சொல்றேன். மதுரையில பஸ்ஸேறி, அருப்புக்கோட்டையில ஒரு கல்யாண மண்டபத்து ஆபீசுல போயி உக்காந்து, சமையக்காரரு, மேளக்காரரு, பூக்காரரு, வேன்காரருன்னு ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, "நாளைக்கு முகூர்த்தம் இருக்குல்ல, வந்துருவீங்கள்ல"ன்னு கேக்கணும். வீட்டுல இருந்தே கேக்கலாம்தான். எங்க மொதலாளி விட மாட்டேங்குறாரு. மண்டப மேனேஜர் கண்ணு முன்னாடி உக்காந்து பண்ணணுமாம். முகூர்த்தத்துக்கு முந்தின நாளெல்லாம் எனக்கு இதான் பொழப்பு.

நான் எம்.சி.ஏ. படிச்சவன்ணே. பேரு தனுஷ்கோடி. எங்க கம்பெனியில எது எப்படி இருக்கணும்னு யோசிச்சு வரையிற வேலை பூராம் நான்தான் பாத்தேன். போனே பண்ண வேணாம்னு ஒரு ஆப் செஞ்சவனும் நான்தான். அதச் செஞ்சவனையே போன் பண்ண அனுப்புறாங்க. மண்டபத்துல வேலை பாக்குற பசங்க என்னைப் பாத்ததும் "மேளக்காரர் வந்துட்டாரு"ங்குறாங்க. காதுல விழாத மாதிரி உள்ள போயிருவேன். வேற என்ன செய்ய?

முன்னாடியெல்லாம் மேனேஜருதான் எல்லாருக்கும் போன் பண்ணுவாரு. கல்யாணம் பேசுனாலும் போன், தேதி மாறுனாலும் போன், நின்னு போனாலும் போன். நாள் பூராம் காதுல போனோட திரிவாரு. நாங்க போயி, "சார், இனிமே நீங்க ஒரு தடவ தட்டுனாப் போதும், ஆப் பாத்துக்கும்"னு சொன்னோம். மனுசன் எந்திரிச்சு நின்னு கை குடுத்தாரு.

அந்த ஆப்புல ஒரு விசேஷம்ணே. எதையும் அழிக்க மாட்டோம். சாதாரணமா தேதி மாறுனா பழைய தேதிய அழிச்சுட்டுப் புதுசப் போடுவாங்கள்ல? நாங்க அப்படி இல்ல. மண்டபம் பேசியாச்சு, அது ஒரு வரி. மேளம் பேசியாச்சு, அடுத்த வரி. தேதி மாறிருச்சு, அதுக்கடுத்த வரி. நடந்தது நடந்தபடி விழுந்துக்கிட்டே இருக்கும். ஈவென்ட்டும்போம். இப்ப நெலவரம் என்னன்னு தெரியணும்னா மொத வரியில இருந்து ஓட்டிப் பாத்துக்க வேண்டியதுதான். நல்ல முறைண்ணே, முறையக் குத்தம் சொல்லவே முடியாது. யாரு எப்ப என்ன மாத்துனான்னு பின்னால சண்டையே வராது.

அதுல கல்யாணங்குறது தாய் மாதிரி. அதுக்குக் கீழ மேளம், சமையல், பூ, பாத்திரம், வேன், அதெல்லாம் பிள்ளைங்க. எங்க ஆபீசுல பேரன்ட், சைல்டும்போம். தாய்க்கு ஒண்ணு நடந்தா பிள்ளைக்கு என்ன எழுதுறதுங்குறதுதான் கேள்வி. கேக்கச் சின்ன விஷயமாத் தெரியும். நானும் அப்படித்தான் நெனச்சேன்.

ஹெப்சிபான்னு ஒரு பிள்ள எங்க ஆபீசுல இருக்கு. நாசரேத்துப் பக்கம். அப்ப வேலைக்கு வந்து ஒரு வருசங்கூட ஆகல. அதான் கேட்டுச்சு. "அண்ணா, கல்யாணம் நின்னு போச்சுன்னா மேளத்துக்கு என்ன எழுதணும்?"

"ஒண்ணும் எழுத வேணாம். தாயே இல்லைன்னா பிள்ளை ஏது?"ன்னேன்.

"மேளக்காரரு அவரு வரிய மட்டுந்தானே அண்ணா பாப்பாரு? அதுல 'பேசியாச்சு'ன்னுதானே கடைசியா நிக்கும். நின்னு போச்சுன்னு அவருக்கு யாரு சொல்லுவா?"

"கல்யாணத்தப் பாத்து அவரே தெரிஞ்சுக்கணும்மா."

"கல்யாணத்த அவருக்கு நாமதான் காட்டலையே அண்ணா."

அப்பவாவது நான் வாய மூடியிருக்கணும். அந்தப் பிள்ள விடல. "எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கதியும் கெடையாதுல்லா அண்ணா? மேளம் வர வேண்டாம். பாத்திரம்னா முந்தின நாளே போயிருக்கும், அது திரும்பி வரணும். காய்கறி வாங்கிப் போட்டிருந்தா அது வேற கதை. அவங்கவங்களுக்கு என்ன ஆச்சோ அத அவங்கவங்க வரியில எழுதிருவோம்"னுச்சு.

எல்லாரும் உக்காந்திருக்காங்க. மொதலாளி ரெத்தினவேலு சாரும் இருக்காரு. நான் சொன்னேன், "ஏம்மா, நீ வீடு மாத்துனா பிள்ளைங்க ஒவ்வொண்ணையும் கூப்பிட்டு நீயும் மாறிட்ட, நீயும் மாறிட்டன்னு சொல்லிக்கிட்டு இருப்பியா, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவியா?" எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பிள்ளயும் சேந்து சிரிச்சுச்சு. அது சிரிச்சது இப்ப நெனச்சாலும் எனக்கு உடம்பு கூசுதுண்ணே.

சரி, விஷயத்துக்கு வர்றேன். தையில ஒரு கல்யாணம், ஆப்பு வந்த பிறகு நின்னு போன மொதக் கல்யாணம். பொண்ணு வீடு அருப்புக்கோட்டையேதான். அப்பா மெடிக்கல் ஷாப் வச்சிருக்காரு. பிள்ளையார் கோயில் முக்குல திரும்புனீங்கன்னா மொதக் கடை, மாடியில வீடு. பொண்ணு மதுரையில கண்ணாஸ்பத்திரியில வேலை. தெனம் இதே பஸ்ஸுதான், போக வர. பத்திரிகையெல்லாம் குடுத்து முடிச்ச பிறகு கல்யாணம் நின்னு போச்சு. ஊருக்குள்ள நின்னுச்சுன்னு சொல்லல. மாப்பிள்ளை வீட்டுல ஒரு துக்கம், தேதி தள்ளிப் போகுதுன்னு சொல்லி வச்சிருந்தாங்க. மெதுவா அடங்கிரும், அப்புறம் பாத்துக்கலாம்னு. பொண்ணப் பெத்தவங்க வேற என்ன செய்வாங்க, சொல்லுங்க.

மண்டப மேனேஜரு ஆப்புல ஒரு தட்டு தட்டுனாரு. கல்யாணம் நிறுத்தப்பட்டது. தாய்க்கு ஒரு வரி விழுந்துருச்சு. காரணம்னு ஒரு கட்டம் இருக்கும், அத நெரப்புனாத்தான் அடுத்த பக்கம் போகும். அந்தக் கட்டத்த வச்சதும் நான்தான். எதுக்குன்னா... சும்மாதாண்ணே. பின்னால யாராவது கேட்டா இருக்கட்டுமேன்னு. மேனேஜரும் மாப்பிள்ளை வீட்டுல என்ன சொன்னாங்களோ அத அப்படியே அடிச்சு விட்டாரு. அத பின்னால சொல்றேன்.

மண்டபம் காலின்னு ஆப்பு காட்டிருச்சு. வேற ஒரு காதுகுத்துக்காரங்க அதே நாளைக்குப் புடிச்சுட்டாங்க. நான் ஆபீசுல பெருமையா அதக் காட்டுனேன், பாத்தியா எவ்வளவு வெரசான்னு. ஆனா மேளத்தோட வரியில 'பேசியாச்சு'ன்னே நின்னுச்சு. அன்னைக்கு விடிகாலையில ஆப்பு மேளக்காரருக்கு, "இன்று முகூர்த்தம், பெண் வீட்டுக்குச் செல்லவும்"னு ஞாபகப்படுத்தி அனுப்பிருச்சு.

அந்தப் பக்கத்துப் பழக்கம் தெரியுமாண்ணே உங்களுக்கு? முகூர்த்தத்தன்னைக்கு மேளம் நேரா மண்டபத்துக்குப் போகாது. மொதல்ல பொண்ணு வீட்டுக்கு வந்து பொண்ண அழைச்சுக்கிட்டுத்தான் மண்டபத்துக்குப் போகும். சமையல், பூவெல்லாம் மண்டபத்துக்குப் போனா அங்கேயே விஷயம் தெரிஞ்சுரும், மேளத்துக்கு அந்த வழி இல்ல. அதுவும் தெருமுக்குல எறங்குன எடத்துலயே ஆரம்பிச்சுரணும். யாராவது வந்து வாங்கன்னு சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கிறதெல்லாம் கெடையாது. வாசிக்காம பொண்ணு வீட்டு வாசலத் தொட்டா ஆகாதாம்.

அவங்களும் முறையாத்தான் செஞ்சாங்க. பிள்ளையார் கோயில் முக்குல எறங்குனாங்க, நாயனத்த எடுத்தாங்க, தவுலு சேந்துக்கிச்சு. தெருவே முழிச்சுக்கிச்சு. கோலம் போட்டுக்கிட்டு இருந்த பொம்பளைங்க, பால் வாங்கப் போனவங்க எல்லாம் பின்னாலேயே வந்துட்டாங்க. தேதி தள்ளிப் போச்சுன்னாங்களே, மேளம் வருதே? பொண்ணு ஓடிப்போச்சா, வேற ஏற்பாடு ஏதும் ரகசியமா நடக்குதான்னு ஆளுக்கு ஒண்ணு பேசுனாங்க.

வாசல்ல வாழ மரம் இல்லையே, அதப் பாத்து யோசிக்கலையான்னு நாயனக்காரர்கிட்ட நான் பின்னால கேட்டேன். "கட்டுறவன் இன்னும் வரலைன்னு நெனச்சோம் தம்பி. வாழ மரம் கட்டுறவன் என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கான்?"னாரு. வாழ மரக்காரரு ஆப்புல இல்லண்ணே. அவருகிட்ட பட்டன் போனுதான். அதனால அவருக்கு மேனேஜரே வாயால சொல்லிட்டாரு. ஆப்புல இல்லாத ஆளுக்குச் சேதி ஒழுங்காப் போயிருச்சு.

கடைக்காரரு கைலியோட கீழ எறங்கி வந்து, தவுலுக்கு முன்னாடி நின்னு கையெடுத்துக் கும்பிட்டாராம். தவுல்காரரு, கும்பிடுறாரு, சந்தோஷத்துல கும்பிடுறாருன்னு இன்னும் ஓங்கி அடிச்சிருக்காரு. அவரு கண்ணுல தண்ணியப் பாத்த பிறகுதான் நிறுத்துனாங்களாம். அதுவரைக்கும் வாசிச்சது வாசிச்சதுதானே.

அப்பத்தான் அந்தப் பொண்ணு எறங்கி வந்துச்சாம். வேலைக்குக் கெளம்பி, தோள்ல பை, கையில சாப்பாட்டு டப்பா. மேளக்காரங்க நடுவால போகணும், வேற வழி இல்ல. நாயனக்காரர் முன்னாடி நின்னு, "நல்லா வாசிச்சீங்க ஐயா. தப்பா நெனச்சுக்காதீங்க, யாரோ சொல்ல மறந்துட்டாங்க போல. காபி குடிச்சுட்டுப் போங்க"ன்னு சொல்லிட்டு பஸ்ஸுக்கு நடந்துருச்சாம். தெரு பூராம் பாத்துக்கிட்டு நிக்குது. நாயனக்காரரு என்ட்ட இதச் சொல்லும்போது, "பதினாறு வயசுல இருந்து வாசிக்கிறேன் தம்பி, இப்படி ஒரு மரியாதையும் வாங்குனதில்ல, இப்படி ஒரு அசிங்கமும் பட்டதில்ல"ன்னாரு. அவருக்கு அசிங்கம்னா எனக்கு எப்படி இருக்கும்? யாரும் அத யோசிக்கல.

காலையிலேயே ரெத்தினவேலு சார் கூப்பிட்டுட்டாரு. "யாரு இத இப்படி வச்சது?"ன்னு கேட்டாரு. நான் பொய் சொல்லலண்ணே. "டீமாச் சேந்து முடிவு பண்ணுனோம் சார்"னேன். ஹெப்சியும் டீம்தானே? அந்தப் பிள்ள பக்கத்துலதான் நின்னுச்சு. "நான் சொன்னேன்ல"ன்னு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். சொல்லாம விட்டுருச்சு பாருங்க, அதான் இன்னும் அறுக்குது.

அன்னைக்கு மத்தியானமே சரி பண்ணித் தர்றேன்னு உக்காந்தேன். ரோசம் வந்துருச்சுல்ல. பிள்ளைங்களுக்குச் சொல்லலைங்குறதுதானே குத்தம்? இப்ப எல்லாப் பிள்ளைக்கும் சொல்லிருவோம். தாயோட வரிய அப்படியே பிரதி எடுத்து மேளத்துக்கு ஒண்ணு, பூவுக்கு ஒண்ணு, வேனுக்கு ஒண்ணுன்னு போட்டேன். ஹெப்சி வந்து பின்னால நின்னுச்சு. "அண்ணா, முழுசும் போக வேண்டாம். மேளத்துக்கு 'வர வேண்டாம்', அவ்வளவுதான். பூக்காரருக்கு எதுக்குக் காரணம்?"னுச்சு.

"நீ போயி சாப்பிடும்மா"ன்னேன்.

இன்னொண்ணு இருக்கு. புதுசா ஒரு விதி போட்டா, பழைய வரியெல்லாம் மொதல்ல இருந்து ஓட்டணும். அப்பத்தான் பழைய கல்யாணத்துக்கும் அது சரியா விழும். ஓட்டும்போது மெசேஜ் அனுப்புறத நிறுத்தி வச்சுட்டு ஓட்டணும். இது கத்துக்குட்டிக்குக் கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். அவசரத்துல விட்டுட்டேன். ஓட்டுனேன்.

அருப்புக்கோட்டையில பூக்காரரு, சமையக்காரரு, பாத்திரக்கடை, வேன் டிரைவரு, சீரியல் லைட்டுக்காரரு, எல்லாப் போன்லயும் டிங்குன்னு விழுந்துச்சு. பொண்ணு பேரு, அப்பா பேரு, தெரு. "கல்யாணம் நிறுத்தப்பட்டது. காரணம்: பெண்ணுக்கு வேறொருவருடன் பழக்கம்."

அந்தக் கட்டத்துல மேனேஜரு அடிச்சது அதுதாண்ணே. மாப்பிள்ளை வீட்டுல அப்படித்தான் சொன்னாங்களாம்.

பஜாருக்கு இத விட என்ன வேணும்? காலையில மேளம் வந்தது ஏன்னு தெரியாம மண்டையப் பிச்சுக்கிட்டு இருந்தாங்க, சாயந்திரத்துக்குள்ள நான் காரணத்தையே கையில குடுத்துட்டேன். ஒரு லைட்டுக்காரன் அத பொண்ணு வீட்டுச் சாதிக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல வேற போட்டு விட்டுட்டான். நான் ஆபீசுல உக்காந்து, எல்லாருக்கும் போயிருச்சான்னு டிக் பாத்துக்கிட்டு இருந்தேன். எல்லாருக்கும் போயிருச்சு.

மறுநாள் சாயந்திரம் சார் என்னைக் கார்ல ஏத்திக்கிட்டு அந்த மெடிக்கல் ஷாப்புக்குப் போனாரு. மன்னிப்புக் கேக்கணும்னு. தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்ல? கடையில நாலு பேரு மருந்துச் சீட்டோட நிக்கிறாங்க, அவங்க முன்னாடியே, "இவருதாங்க அதச் செஞ்சவரு"ன்னு என்னைக் கை காட்டுறாரு. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. கடைக்காரரு என்னைத் திட்டியிருந்தாக் கூடத் தேவல. அவரு பாட்டுக்கு மாத்திரைய எண்ணிக் கவர்ல போட்டு, காலையில ஒண்ணு, சாப்பிட்ட பிறகுன்னு சொல்லிக் குடுத்துக்கிட்டே இருந்தாரு. சீட்டோட நின்னவங்க மாத்திரைய வாங்கிக்கிட்டும் போகல, அங்கேயே நிக்கிறாங்க. அன்னைக்கு நான் பட்ட அவமானத்த என் பொண்டாட்டிகிட்டக் கூட முழுசாச் சொன்னதில்ல.

பொண்ணு சாயந்திர பஸ்ஸுல வந்து எறங்குச்சு. நாங்க இன்னும் அங்கதான் நிக்கிறோம். அது நேரா என்கிட்ட வந்து, "நீங்கதானா?"ன்னுச்சு. குரல ஒசத்தல. அப்புறம், "அதுல போட்டிருக்குற காரணம் பொய்யிங்க. வேலைய விட மாட்டேன்னு மாப்பிள்ளையோட அம்மாகிட்டச் சொன்னேன். நான் சொன்னது அவ்வளவுதான். அவங்க மண்டபத்துல போயி இப்படிச் சொல்லியிருக்காங்க"ன்னுச்சு.

"மன்னிச்சுருங்கம்மா"ன்னேன்.

"அத அழிச்சுருங்க"ன்னுச்சு.

"அழிக்க முடியாதும்மா. எங்க முறையில அழிக்கிறது கெடையாது. வேணும்னா 'காரணம் திருத்தப்பட்டது'ன்னு அடுத்து ஒரு வரி சேக்கலாம்."

"அந்தத் திருத்தம் பூக்காரருக்கு, வேன்காரருக்கெல்லாம் மறுபடியும் போகுமா?"

இவ்வளவு பேரு எங்க கம்பெனியில இருக்கோம், இந்தக் கேள்விய ஹெப்சியத் தவிர யாரும் கேட்டதில்லண்ணே. "போகும்"னேன். நான்தானே அப்படி மாத்தி வச்சிருந்தேன்.

"அப்ப வேணாம். திருத்தவும் வேணாம், விளக்கவும் வேணாம். நல்லதாவே இருந்தாலும் என்னைப் பத்தி இனிமே யாருக்கும் எதுவும் சொல்லாதீங்க. எனக்கு அது மட்டும் போதும். சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க"ன்னுச்சு.

சொல்ல மாட்டேன்னு சொன்னேன். அப்பா எதிர்ல, சார் எதிர்ல, அந்தச் சீட்டுக்காரங்க எதிர்ல. அது மாடிப்படி ஏறிப் போயிருச்சு. அன்னைக்கும் சாப்பாட்டு டப்பா கையில இருந்துச்சு. சாப்பிடவே இல்ல போல, கனமாத் தெரிஞ்சுச்சு.

இப்ப அந்த வேலையெல்லாம் ஹெப்சிகிட்டக் குடுத்துட்டாங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி வரி. மேளம் வர வேண்டாம், பாத்திரம் திரும்பவும், இப்படி அவங்கவங்களுக்கு வேண்டியது மட்டும். காரணக் கட்டத்தையே தூக்கிருச்சு. பழைய வரி அழியாது, ஆனா யாரு கண்ணுலயும் படாம பூட்டி வச்சிருக்கு. நல்லா செஞ்சிருக்கு, இல்லைங்கல. இன்னமும் என்னை அண்ணான்னுதான் கூப்பிடுது. அந்த அண்ணாவக் கேக்குறப்ப எந்திரிச்சு வெளிய போயிரலாம்னு இருக்கும். மேனேஜரு இனிமே ஆப்ப நம்ப மாட்டேன்னுட்டாரு, அதான் என்னைய இந்த போன் வேலைக்கு அனுப்பிட்டாங்க. அவ்வளவு பெரிய தப்பாண்ணே நான் செஞ்சது? வேணும்னேவா செஞ்சேன்?

ஆனா நான் சும்மா இருக்கல. மனசு கேக்கல. தப்பான சேதி என்னாலதானே பரவுச்சு, அப்ப சரியான சேதியும் என்னாலதானே போகணும்? இந்த பஸ்ஸுல வாரப்ப, டீக்கடையில, மண்டபத்து வராந்தாவுல, யாரு பேச்சுக் குடுத்தாலும் சொல்லிருவேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல, வேலைய விட மாட்டேன்னுதான் சொல்லுச்சு, மத்ததெல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கட்டிவிட்ட கதைன்னு. சத்தியம் பண்ணுனது ஞாபகம் இல்லாம இல்லண்ணே. அது ஆப்புல அனுப்ப மாட்டேன்னுதானே? வாயால நல்லது சொல்றதுல என்ன இருக்கு? அதுவும் பேரச் சொல்ல மாட்டேன். அவ்வளவு வெவரம் இல்லாதவனா நானு? இப்ப உங்ககிட்டயே சொன்னேன், பேரு சொன்னேனா?

என்னண்ணே, மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. பஸ்ஸு ஒத்துக்கலையா?

எந்தக் கடையா? பிள்ளையார் கோயில் முக்குன்னேன்ல... ஆமா, மாடி வீடு... ஆமாண்ணே, கடைக்காரரு பேரு காசிலிங்கம்தான். ஏன், உங்களுக்குப் பழக்கமா?

சுகந்தியா? அது... நான் பேரு சொல்லலையே. நீங்கதான் சொல்றீங்க.

யாருக்கு? உங்க அண்ணன் மகனுக்கா? இன்னைக்குத்தான் பொண்ணு பாக்கப் போறீங்களா?

இல்லண்ணே, இருங்க. புரோக்கர் சொல்லியிருப்பாரு, உங்க காதுல விழுந்திருக்காது. ஒருவேளை நான் சொல்றது வேற கடையா இருக்கும். அருப்புக்கோட்டையில பிள்ளையார் கோயில் ஒண்ணா ரெண்டா? நான் வேற கடையச் சொன்னேன். வேற பொண்ணுண்ணே. கண்ணாஸ்பத்திரிங்குறது... அது நான் சும்மா ஒரு இதுக்குச் சொன்னது. எல்லாமே நானாச் சொன்ன கதைண்ணே, பொழுது போகணும்ல, பஸ்ஸுல...

அண்ணே, போன எடுக்காதீங்க. யாருக்கு அடிக்கிறீங்க, உங்க மதினிக்கா, பையனோட அம்மாவுக்கா? அவங்க வேன்ல முன்னாடி போயிட்டாங்களா? கொஞ்சம் பொறுங்கண்ணே, காரியாபட்டி தாண்டட்டும், ஒரு டீ குடிச்சுட்டு நிதானமாப் பேசுவோம். அண்ணே, உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன். அந்தப் பொண்ணு உங்களுக்குக் காபி கொண்டு வந்து குடுக்கும்ணே. நீங்க எல்லாரும் அத ஒரு மாதிரிப் பாப்பீங்க. ஏன்னு அதுக்குத் தெரியாது.

ரிங்கு போகுதா? எடுத்துட்டாங்களா?

சரி, சொல்றதுன்னா சொல்லுங்க. ஆனா முழுசாச் சொல்லுங்கண்ணே. நின்னு போச்சுங்குறதோட நிறுத்திராதீங்க. வேலைய விட மாட்டேன்னுதான் சொல்லுச்சு, அதையும் சேத்துச் சொல்லுங்க. இல்லைன்னா போன என்கிட்டக் குடுங்க, நானே மதினிகிட்டச் சொல்றேன்.